அரிசி வாங்க வந்த நாலு காணிக்காரர்



நம் இதழில் வரி, உரிமம், எடையளவு முத்திரை என்று படித்துப் படித்து உங்களுக்கும் அலுத்திருக்கும். இந்த முறை நான் எழுதப்போவது ஒரு வயலைப் பற்றி. மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் பக்கத்தில், என் கிடங்குக்கு அடுத்தாற்போல் 72 செண்ட் நிலம் இன்னும் சும்மா கிடக்கிறது. சுற்றிலும் மாடி வீடுகள். நடுவில் இது மட்டும் கோரைப்புல்லும் கொக்குமாக இருக்கிறது. இதை வாங்கிப் போட்டு, மண் அடித்து மேடாக்கி, முன்பக்கம் பெரிய சில்லறை அங்காடியும் பின்பக்கம் கிடங்கும் கட்டலாம் என்பது என் மகனின் யோசனை. விற்கிறவரும் தயார். வங்கியில் கடனும் கிடைக்கும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். நான் போடாமல் மூன்று மாதமாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

ஏன் என்று மகன் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பரணிலிருந்து என் தகப்பனாரின் பழைய பேரேடுகளை இறக்கிப் பார்த்தேன். கரையான் தின்றது போக மீதி இருந்தது. 1971-ஆம் வருடத்துப் பேரேடு ஒன்று முழுசாகக் கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தின் தலைப்பில் "நாலு காணி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் பற்றுப் பக்கங்களில் இயற்பெயர் எழுதும் வழக்கம் குறைவு. ஆள் எப்படித் தெருவில் அறியப்பட்டாரோ அப்படித்தான் பேரேட்டிலும் ஏறுவார். நாலு காணிக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காணி என்பது ஒரு ஏக்கர் 32 செண்ட். அந்த நாலு காணியில் கடைசியாக மிஞ்சியதுதான் மேலே சொன்ன 72 செண்ட்.

மூன்று விதக் கடன்

என் தகப்பனார் கடை சிறிய மளிகைக் கடை. பலகைக் கதவு, ஒரு தராசு, படிக்கல், பொட்டலம் கட்டப் பழைய காகிதம், மேலே தொங்கும் சணல் உருண்டை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துத்தான் நான் தொழில் கற்றேன். அந்தக் கடைக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமான கடன்.

முதலாவது கடற்கரையோர மக்கள். அவர்கள் கணக்குக் கடலைப் பொறுத்தது. பாடு நன்றாக இருந்தால் அன்று மாலையே காசு வந்துவிடும். ஒரு வாரம் பாடு இல்லையென்றால் ஒரு வாரம் பற்று. அரிசி, மிளகாய், தனியா, புளி எல்லாம் அன்றன்றைக்கு. கருவாட்டுக்கு உப்பு மட்டும் மூட்டைக் கணக்கு. என் தகப்பனார் காலையில் கடை திறந்ததும் முதலில் கேட்பது, "காத்து எப்படி?" என்றுதான்.

இரண்டாவது உத்தியோகஸ்தர்கள். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசு, கோர்ட்டு என்று இருந்ததால் குமாஸ்தாக்கள், அமீனாக்கள், வாத்தியார்கள் இந்தப் பக்கம் வாடகைக்குக் குடியிருந்தார்கள். முதல் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்குள் கணக்குத் தீர்ப்பார்கள். தீர்க்கும்போது ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்ப்பார்கள். இவர்களிடம் ஒரே ஆபத்து மாறுதல் உத்தரவு. ராத்திரியோடு ராத்திரியாக சாமான் ஏற்றிப் போனவர்களின் பக்கங்களும் அந்தப் பேரேட்டில் இருக்கின்றன. அதை விடுங்கள்.

மூன்றாவது உழவர்கள். இவர்கள் கடன் அறுவடைக்கு அறுவடை. தை மாதம் நெல் அடித்ததும் ஒரு வரவு, மல்லாட்டை பிடுங்கியதும் ஒரு வரவு. சவுக்கு வைத்திருப்பவர்கள் என்றால் நாலைந்து வருடம் கழித்து வெட்டும்போது மொத்தமாக வரும். பல சமயம் காசாக வராது. நெல்லாகவே வரும், மரக்காலால் அளந்து போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கி என் தகப்பனார் குமாஸ்தாக்களுக்கும் மீனவர்களுக்கும் விற்பார். கூப்பிடு தூரத்தில் விளைந்த நெல், கூப்பிடு தூரத்திலேயே சோறாகும். நடுவில் எங்கள் கடை.

நாலு காணிக்காரர் பக்கத்தை 1971-இல் தை முதல் மார்கழி வரை விரல் வைத்துப் படித்தேன். உப்பு, சீமெண்ணெய், தீப்பெட்டி, வெல்லம், சுக்கு, வெற்றிலை பாக்கு, சவுக்காரம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் துவரம் பருப்பு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, மணிலாப் புண்ணாக்கு. இது எல்லா மாதமும் உண்டு. சொல்லப்போனால் மனுஷனுக்கு வாங்கியதைவிட மாட்டுக்கு வாங்கியது அதிகம். ஆனால் அரிசி என்ற சொல் அந்த ஒரு வருடப் பக்கத்தில் ஒரு இடத்திலும் இல்லை. எப்படி இருக்கும்? அவர் வீட்டுக் குதிரிலிருந்து அல்லவா எங்கள் கடைக்கு அரிசி வந்தது!

பீரங்கி போட்ட எல்லை

கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். வெளியூர் உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1690-ஆம் ஆண்டு, அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரம் தங்களுக்கு என்று பேச்சு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து, திசைக்கொரு குண்டு போட்டார்கள். அந்த வட்டத்துக்குள் கடலூர்ப் பட்டணமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அடங்கிப்போயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நிலைத்தது.

வாங்குகிறவனே அளவுகோலைக் கொண்டுவந்து, அவனே அளந்துகொண்ட வியாபாரம் இது. நம் தொழிலில் இப்படி ஒருவன் தராசோடு வந்தால் கடைக்குள் விடுவோமா?

1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டபோது, ஏறக்குறைய ஆறு ஆண்டு காலம் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தத் தேவனாம்பட்டினம்தான். 1756-இல் ராபர்ட் கிளைவ் இங்கே அதிகாரத்தில் இருந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். பிறகு 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனி வசம் வந்தது. தென்னார்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் கடலூர் என்றாகி, ஆபீசுகள் மஞ்சக்குப்பத்தில் அமர்ந்தன. 1866-இல் நகராட்சி ஏற்பட்டது. லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு, புரூக்ஸ்பேட்டை என்ற பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம்.

இவ்வளவு பெரிய சரித்திரம் நடந்தும் கோட்டையைச் சுற்றி இருந்த வயல் வயலாகவே இருந்தது என்பதுதான் நான் கவனித்த விஷயம். கவர்னர் வந்தார், போனார். கலெக்டர் வந்தார், போனார். நாற்றுவிட்டவன் நாற்று விட்டுக்கொண்டே இருந்தான். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். நடுவில் இருக்கும் இந்த மண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் வடிவதற்கு வாய்க்காலும் பள்ளமும் வேண்டும். அந்தப் பள்ளங்களில்தான் நெல் விளைந்தது. மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல். பீரங்கி போட்டவனாலும் மாற்ற முடியாத இந்த ஏற்பாட்டை மாற்றியது யார் என்றால், என் தலைமுறைதான். அதில் நானும் ஒருவன்.

நாலு, மூன்று, ஒன்று

1982-இல் மகள் கல்யாணத்துக்காக நாலு காணிக்காரர் ஒரு காணியை விற்றார். வாங்கியவரும் உழவர்தான். ஆகவே ஊரில் ஒன்றும் தெரியவில்லை. வரப்பு மட்டும் மாறியது.

அந்தச் சமயத்தில் முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்தது. நெய்வேலியிலும் வேலை. வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகள் போக ஆரம்பித்தார்கள். நடவுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாயிற்று. நாலு காணிக்காரரின் மூத்த மகன் வெளியூரில் உத்தியோகத்துக்குப் போனான். மாடுகள் இரண்டு ஜோடியாக இருந்தது ஒரு ஜோடியாகி, பிறகு அதுவும் போயிற்று. எனக்கு இது முதலில் தெரிந்தது பேரேட்டில்தான். 1986-ஆம் வருடத்துப் பக்கத்தில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை இரண்டும் நின்றுவிட்டன. உழவர் ஒருவர் உழவை விடப்போகிறார் என்பதை அவர் பெண்டாட்டிக்கு முன்னால் மளிகைக் கடைக்காரன் அறிவான் என்று என் தகப்பனார் சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

1988 ஆவணி மாதம் ஒரு சாயங்காலம். நான் கல்லாவில் இருந்தேன். நாலு காணிக்காரர் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வாடிக்கையாளர்கள் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

"தம்பி, ஒரு பத்துக் கிலோ அரிசி போடு" என்றார்.

"விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விருந்தாளி இல்லப்பா. வீட்டுக்குத்தான்" என்றார். பிறகு, "எது பழசோ அதாப் பார்த்துப் போடு. புது அரிசி குழையும்" என்று சேர்த்துக்கொண்டார். அரிசியின் பழசு புதுசை அவருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் கடை அரிசியை அவர்தான் 20 வருடம் விளைவித்துத் தந்தார்.

அன்று என் தகப்பனார் உள்ளேயிருந்து வந்து, அரிசியைத் தாமே நிறுத்துப் பையில் கட்டினார். பற்றில் எழுதவேண்டாம் என்று எனக்குக் கண்ணால் காட்டினார். மறுவாரம் பெரியவர் வந்து கணக்காகக் காசு வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாதாமாதம் அவர் பக்கத்தில் முதல் வரி அரிசி.

ஒரு கிராமம் எந்த நாளில் நகரமாகிறது என்று கேட்டால், அரசாங்கம் ஆணை போட்ட தேதியைச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக்கு நான் சொல்லும் தேதி அந்த ஆவணி மாதத்துச் சாயங்காலம்தான்.

நான் அப்போது வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். உழவர் அரிசி வாங்க ஆரம்பித்தால் கடைக்காரனுக்கு வியாபாரம் இரட்டிப்பு. ஒரே வருடத்தில் இன்னும் எட்டுப் பத்துக் குடும்பங்கள் அதே வழியில் வந்தன. நெல்லாக வரவு வைக்கும் தொல்லை போயிற்று. அரிசி வெளியிலிருந்து லாரியில் வந்து இறங்கவேண்டிய நிலை வந்தது. சில்லறைக் கடைகளுக்கு மூட்டைக் கணக்கில் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு அதிலிருந்துதான் பிறந்தது. 1990-இல் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் தொடங்கினேன். வயல் போனதால் வளர்ந்தவன் நான். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

1993 செப்டம்பர் 30-இல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தது. பாதி ஆபீசுகள் விழுப்புரம் போய்விடும், மஞ்சக்குப்பத்தில் வீடு காலியாகும் என்று பயந்தோம். நடந்தது வேறு. வீட்டு மனை வியாபாரம் சூடு பிடித்த காலம் அது. தவணை முறையில் மனை, வேனில் இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுவது, மதியச் சாப்பாடு எல்லாம் தமிழ்நாடு முழுவதும் நடந்ததே, அது எங்கள் பக்கமும் வந்தது. வரப்பில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கல் நட்டால் மறுமாதம் அதற்கு ஒரு நகர் என்று பெயர். 1994-இல் நாலு காணிக்காரர் இரண்டு காணியை மனைக்காகக் கொடுத்தார். அது மேட்டுப் பக்கத்து நிலம். மிச்சம் ஒரு காணி, 132 செண்ட், பள்ளத்தில்.

நான் வாங்கிய பள்ளம்

1996-இல் எனக்குக் கிடங்குக்கு இடம் தேவைப்பட்டது. மேட்டில் மனை விலை ஏறிவிட்டது. பள்ளத்தில் செண்டுக்கு 4,000 ரூபாய் குறைவு. பெரியவரிடமே நேராகப் போய்க் கேட்டேன்.

"குடுக்கறதுல ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா ஐப்பசி கார்த்திகையில அங்க எனக்கே வேலை கிடையாது. தண்ணிக்குத்தான் வேலை. நீ பருப்பு மூட்டை அடுக்குறவன். யோசிச்சுக்க" என்றார்.

"மண்ணடிச்சு உசத்திக்கிறேன் பெரியப்பா" என்றேன்.

"நீ உசத்திக்குவ. தண்ணிக்கு யாரு உசத்தித் தருவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 60 செண்ட் எழுதி வாங்கினேன். இரண்டரை அடி மண் அடித்துக் கட்டினேன். வயல் ஓரமாகப் போன வாய்க்கால் என் சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் இரண்டடி அகலத்துக்குச் சுருங்கிப்போயிற்று. புறம்போக்கு வாய்க்காலை நான் தொடவில்லை, அது வேறு. ஆனால் கரையில் நின்ற என் சுவரும், மேலே மனைகளிலிருந்து வந்து விழுந்த செங்கல் துண்டும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டன. யாரும் தூர் வாரவில்லை. வயல் இருந்தவரை வாய்க்காலைத் தூர் வாருவது உழவர்கள் வேலை. வயல் போனபின் அது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

19 வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2015 நவம்பரில் வந்தது. அந்த மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி 2 மணிக்குக் காவல்காரர் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கிடங்குக்குள் முழங்காலளவு தண்ணீர். துவரம் பருப்பு அட்டியில் கீழ் இரண்டு வரிசை நனைந்து, ஊறி, மூட்டை வெடித்து, மேல் வரிசை சரிந்து அதுவும் நனைந்தது. நனைந்த பருப்பு எப்படி நாறும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வருடம் துவரம் பருப்பு விலை நாடெங்கும் உச்சத்தில் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 140 மூட்டை மாட்டுத் தீவனத்துக்குக்கூட ஆகாமல் போயிற்று. வெளியே வந்து பார்த்தேன். மேட்டில் இருந்த மனைத் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். பக்கத்தில் மிச்சமிருந்த அந்த 72 செண்ட் வயல் மட்டும் ஏரி போல நிரம்பி நின்றது. அது இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரும் என் கிடங்குக்கும் அந்தத் தெருக்களுக்கும்தான் வந்திருக்கும். பெரியவர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நம் உறுப்பினர்களுக்குத் தொழில்ரீதியாகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கோ கிடங்குக்கோ புறநகரில் இடம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். நிலம் நஞ்சையா புஞ்சையா, பக்கத்தில் எந்தப் புல எண் வாய்க்கால் புறம்போக்கு என்பதெல்லாம் அதில் தெரியும். மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். விளைநிலங்கள் கணக்கில்லாமல் மனையாவதைத் தடுக்க, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. காகிதம் வரன்முறையாகிவிடும், பள்ளம் மேடாகிவிடாது. சரக்குக்குத் தீ விபத்துப் பாலிசி எடுக்கும்போது புயல், வெள்ளச் சேதம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் இருப்புக் கணக்கைப் புதுப்பித்து, கீழே கட்டை போட்டு அட்டி அடுக்குங்கள். நான் பட்ட பிறகு செய்தவை இவை.

மாம்பலத்துப் பாடம்

கொள்முதலுக்குச் சென்னை போனால் மாம்பலத்தில் தங்குவது என் வழக்கம். ரங்கநாதன் தெருவைப் பார்த்து மலைக்காத வியாபாரி உண்டா? அந்த இடத்தின் பூர்வகதை பலருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று அங்கே இருந்தது. ஆங்கிலேயர் அதை நீண்ட ஏரி என்றே அழைத்தார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்து நகரம் அமைத்தார்கள். சர் பிட்டி தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகர் என்றானது. நடுவில் பனகல் பூங்கா. முதலில் குடியிருப்பாக இருந்ததுதான், ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததால் தெருத்தெருவாகக் கடைவீதியாயிற்று. இன்று இந்தியா முழுவதும் பேர் தெரிந்த வணிகப் பகுதி.

ஏரி போனாலும் ஏரிக்கரைப் பெயர்கள் சாலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றே ஒரு சாலை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் அந்தப் பகுதியில் தண்ணீர் தேங்கிக் கடைகள் மூடிக்கிடந்தன. நூறு வருடமாகியும் தண்ணீருக்குத் தன் பழைய முகவரி மறக்கவில்லை. அவ்வளவு பெரிய கடைவீதியால் அதைத் தாங்க முடியும். நம் மாதிரி ஆள் ஒரு வெள்ளத்தில் முதலையே இழந்துவிடுவான்.

கரையோரக் கணக்கு

மூன்று விதக் கடன் என்றேன். அறுவடைக் கடன் போன கதை சொல்லியாயிற்று. கடற்கரைக் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் தேவனாம்பட்டினம் அடிபட்டது உலகமே அறிந்தது. அப்போது கடையை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். பற்று நோட்டில் இருந்த சில பேர் அன்றோடு இல்லை. மீதிப்பேர் எல்லாவற்றையும் இழந்தவர்கள். யாரிடம் போய் என்ன கேட்பது? கணக்கை அப்படியே மூடி வைத்தான். ஒன்றரை வருடம் கழித்து ஒரு அம்மா வந்து, "எங்க வூட்டுக்காரரு பேருல பாக்கி இருக்கும், பாருங்கண்ணே" என்று சொல்லி 340 ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுக்காரர் அலையில் போனவர். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய வரவு அதுதான்.

சுனாமிக்குப் பிறகு மாவட்டத்தில் பல இடங்களில் கரையிலிருந்து தள்ளிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அதற்கும் நிலம் வேண்டியிருந்தது. அதுவும் வயலும் கொல்லையுமாக இருந்த நிலம்தான். அதைக் குறை சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். அதோடு மிச்சமிருந்த தென்னையும் சவுக்கும் படுத்தன. மரம் போன கொல்லையைத் திரும்ப நடுவதைவிட மனை போடுவது லாபம் என்று பலர் முடிவெடுத்தார்கள். ஊர் வளர்ந்தது என்று சொல்கிறோம். எங்கள் பக்கம் அது ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் ஒரு படி வளர்ந்தது.

2021-இல் கடலூர் மாநகராட்சியாயிற்று. என் தகப்பனார் கடை இருந்த தெருவில் இப்போது பெரிய சங்கிலித்தொடர் அங்காடி ஒன்று, மருந்துக்கடை மூன்று, அலைபேசிக் கடை நான்கு. மளிகைக் கடை ஒன்றுதான் மிச்சம். அதுவும் நிற்பதற்குக் காரணம் பற்று நோட்டுதான். சங்கிலித்தொடர் அங்காடியில் பாடு இல்லாத வாரத்துக்குப் பற்று எழுதமாட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் 2017-இலிருந்து 61 நாளாயிற்று. அந்த இரண்டு மாதமும் கரையோரக் குடும்பங்களுக்கு அடுப்பெரிவது நம் ஆட்களின் நோட்டால். அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களோ வேறு வகை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத வரி வந்ததும், 26 கிலோ பையைக் கண்டுபிடித்தோம் அல்லவா, அந்தப் பையை வீட்டு வாசலுக்கே தூக்கிக்கொண்டு வரச்சொல்வார்கள். தூக்கிக்கொண்டு போகிறோம்.

இனி அந்த 72 செண்ட்

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல். அதையடுத்து டிசம்பர் முதல் வாரம் சாத்தனூர் அணையிலிருந்து பெரும் வெள்ளம் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை கரை மீறியது. நான் கிடங்குக்குப் போய் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மழைத் தண்ணீர் வடிய இடமில்லாமல், அந்த வயல் மறுபடி நிரம்பியது. என் வாசல்படிக்கு நாலு விரற்கடை கீழே வந்து நின்றது. மனைத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் என் மகனின் எதிர்கால வாடிக்கையாளர்கள்.

போன வாரம் வயலின் சொந்தக்காரரான பையன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நாலு காணிக்காரரின் பேரன். கம்ப்யூட்டர் வேலை. "தாத்தா இருந்தா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பாரு மாமா" என்றான். நான் புல வரைபடத்தை மேசையில் விரித்து, அவனையும் என் மகனையும் உட்கார வைத்து, வாய்க்கால் கோட்டைப் பென்சிலால் தடவிக் காட்டினேன். மேட்டு மனைகளின் ஓரமாக வந்து, 72 செண்டின் நடுவே வளைந்து, என் சுவரோரம் போகிறது. என் சுவரோரத்தில் வரைபடத்தின்படி ஒன்பது அடி இருக்கவேண்டும். இப்போது இரண்டு அடி.

மகன் நெடுநேரம் அதையே பார்த்தான். "அப்போ மொதல்ல நம்ம சுவத்தத் தள்ளி வைக்கணும்ப்பா" என்றான். பிறகு கணக்குப் போட்டான். சுவரை ஐந்தடி உள்ளே தள்ளி வாய்க்காலுக்குக் கரை கட்டி விடுவது. 72 செண்டில் ரோட்டோரம் 20 செண்ட் மட்டும் உயர்த்தித் தூண் மேல் கட்டுவது. மீதி 52 செண்டைத் தோண்டிக் குளமாகவே விட்டுவிடுவது. 52 செண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு அதைத் தண்ணீருக்கு விடுவதா என்று எனக்கே ஒரு நிமிடம் வயிறு எரிந்தது. வியாபாரி புத்தி.

பேரன் விலையில் கொஞ்சம் இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். வருகிற புதன்கிழமை சர்வேயர் வந்து சங்கிலி போடுகிறார்.